மூன்றாம் எண் சட்டைக்கு அவசரமில்லை

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. ரக்பி யூனியனில் டைட்ஹெட் ப்ராப், அதாவது முன்வரிசையின் வலது ஓரத்தில் 3-ஆம் எண் சட்டையோடு ஆடுபவன். பெரிய கிளப் ஒன்றில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. முதல் அணிக்கு மொத்தமே 11 நிமிடம்தான் ஆடியிருக்கிறான். இப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருக்கும் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போகச் சொல்கிறார்கள். அவனோடு அகாடமியில் இருந்த விங்கர் (களத்தின் ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரன்) வாராவாரம் களமிறங்குகிறான். தம்பி இதை அவமானமாக நினைக்கிறான். போகலாமா அண்ணா?

பதில்: போகட்டும் அம்மா. முடிந்தால் அடுத்த வாரமே கிளம்பட்டும். 14 வருடம் முன்வரிசையில் ஆடியவன், இப்போது ப்ராப் பையன்களுக்கு ஸ்க்ரம் (இரு அணி முன்னணி ஆட்டக்காரர்களும் கோத்து நின்று பந்துக்காக முட்டித் தள்ளுவது) சொல்லித்தருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த விங்கரோடு ஒப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். விங்கரின் முதலீடு வேகம். அது சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிடும். ஜோனா லோமு 1994-இல் நியூசிலாந்துக்கு முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 19 வருடம் 45 நாள். ப்ராப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. கழுத்தும் முதுகும் இறுகி, ஸ்க்ரம்மின் சூட்சுமம் உடம்பில் ஏற வருடங்கள் ஆகும். இருபதுகளின் பிற்பகுதியில்தான் பல ப்ராப்கள் தங்கள் உச்சத்துக்கு வருகிறார்கள்.

அதிலும் டைட்ஹெட் தனிப் பாடு. எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் (இடது ஓர ப்ராப்) ஹூக்கருக்கும் (முன்வரிசையின் நடு ஆள்) நடுவில் தலையைச் சொருக வேண்டும், இரண்டு தோளிலும் ஆள் அழுத்துவான். நான் லோனில் போன இரண்டாவது வாரம் எனக்கு எதிரே நின்றவர் 33 வயது லூஸ்ஹெட். முட்டலாம் என்பதற்கு அடையாளமாக ‘செட்’ என்று நடுவர் சொன்னதும் என் சட்டையின் பக்கவாட்டைப் பிடித்து ஒரு விரற்கடை அளவு கீழே இழுத்தார், அவ்வளவுதான். என் வலது முழங்கை தரையைப் பார்த்தது, ஸ்க்ரம் சரிந்தது. நடுவர் கண்ணில் பட்டது என் முழங்கை மட்டும். பெனால்டி எனக்கு எதிராக! முதல் பாதியிலேயே இப்படி நான்கு முறை. ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதரே வந்து என் கையைப் பிடித்து, முழங்கையைத் தூக்கி, “இங்கே பூட்டு, அப்புறம் யாராலும் இழுக்க முடியாது” என்று காட்டிவிட்டுப் போனார். அகாடமியில் என் வயதுப் பையன்களோடு மூன்று வருடம் முட்டியும் எனக்கு வராத பாடம் அது.

இன்னொன்றும் கவனியுங்கள். உயர்மட்ட ஆட்டங்களில் ஆட்டநாள் அணி 23 பேர். மாற்று ஆட்டக்காரர்களில் முன்வரிசையின் மூன்று இடத்துக்கும் பழகிய ஆள் இருந்தாக வேண்டும். அதனால் எந்தப் பெரிய கிளப்பும் நல்ல இளம் டைட்ஹெட்டை லேசில் கைவிடாது. ஆட்டம் பழகி வரட்டும் என்றுதான் லோனில் அனுப்புகிறார்கள். போவதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அங்கே 3-ஆம் எண் சட்டையோடு தொடக்கத்திலிருந்து ஆடுவேனா, இல்லை அங்கேயும் பெஞ்சா? பெஞ்ச் என்றால் வேறு கிளப்புக்கு அனுப்பும்படி கேட்கட்டும்.

கேள்வி: வயது 19, ரக்பியில் ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்தும் 10-ஆம் எண்). என் முதல் தொழில்முறை ஆட்டத்தில் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றோம். ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில்: தம்பி, ஜானி வில்கின்சன் உங்கள் வயதில் இங்கிலாந்துக்காக உங்கள் இடத்திலேயே ஆடியவர். 1998 ஜூனில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் 76-0 என்று தோற்ற அணியின் ஃப்ளை-ஹாஃப் அவர்தான். 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், அதே ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே கூடுதல் நேரத்தில் வீழ்த்திய டிராப் கோலும் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அவருடையதுதான், அதுவும் பழக்கமில்லாத வலது காலில். நாளைக்கு உங்கள் பலவீனமான காலில் 20 உதை உதையுங்கள். தூக்கம் வரும்.

கேள்வி: ரக்பி ஆட்டத்தில் டாக்கிளில் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது) தலையில் அடிபட்டது. இரண்டு நாளாக வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது. சனிக்கிழமைதான் எனக்கு முதல் முழு ஆட்டம். சொன்னால் இடம் போய்விடும். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே அணி மருத்துவரைக் கூப்பிடுங்கள். இடம் போகத்தான் செய்யும், போகட்டும். களத்தில் சந்தேகம் வந்தாலே 12 நிமிடம் வெளியே வைத்துப் பரிசோதிக்கும் ஆட்டம் இது. வெளிப்படையான அறிகுறியோடு வெளியேறுபவரைக் குறைந்தது 12 நாள் உட்கார வைக்கிறார்கள். காரணமில்லாமலா? முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

21 வயதில் நானும் மறைத்தேன். ஆடிய அந்த 80 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட எனக்கு நினைவில் இல்லை. ட்ரை அடித்தேன் (எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தேன்) என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என் அம்மா அன்று கேலரியில் இருந்தார். அவரோடு சாப்பிட்டதும் ஞாபகமில்லை. மருத்துவரிடம் பேசிவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.