பழைய யெஸ்டியின் அலுமினியத்தைக் கண்ணாடி ஆக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம்ங்க ஐயா. எங்கள் பெரியப்பாவின் பழைய யெஸ்டி பைக்கைக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு பாகமாகச் சரி செய்து வருகிறேன். பின் பிரேக் பிளேட்டைக் கழற்றியபோது வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடு கோடாக, மங்கலான ஒரு மினுமினுப்பு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை பூத்துக் கறுத்துக் கிடக்கிறது. கோவையில் ஒரு பாலிஷ் பட்டறையில் கேட்டால், "எல்லாத்தையும் பஃபிங் போட்டுப் புது வண்டியாட்டம் மின்ன வெச்சுத் தர்றனுங்க" என்கிறார். கொடுக்கலாமா? கம்பெனியில் வந்த அந்தக் கோட்டு ஃபினிஷ் திரும்பக் கிடைக்குமா?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: கிடைக்கும். ஆனால் பஃபிங்கில் கிடைக்காது. தயவுசெய்து இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பஃபிங் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுக்கும் வேலை. வேகமாகச் சுற்றும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் சோப்பு தடவி அழுத்தும்போது மேடான இடம் முதலில் கரையும். கவரின் கூரான விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ உட்காரும் குழி வாய் அகன்று இழுத்த மாதிரி ஆகும், வார்ப்பிலேயே வந்த எழுத்து தேய்ந்து போகும். போன உலோகம் திரும்ப வராது. பழைய யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் 1996-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. 2022-ல் யெஸ்டி பெயரில் திரும்ப வந்த வண்டிகள் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்டவை. அந்த ஷோரூமில் போய் உங்கள் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கவர் கேட்க முடியாது. கையில் இருக்கும் பாகம்தான் உங்கள் சொத்து.

பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை. கோவை, பம்புக்கும் கிரைண்டருக்கும் வார்ப்பு வார்த்துப் பழகிய ஊர். அங்கே பாலிஷ் போடுகிறவர்களின் கை சுத்தமான கை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது பளபளப்பைத்தான். நீங்கள் வேறு கேட்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

வாஷருக்கு அடியில் நீங்கள் பார்த்ததுதான் சரியான சாட்சி. அதை முதலில் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கோடு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு மெல்லியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதே போல மற்ற பாகங்களிலும் கிளாம்பு மறைத்த இடம், நட்டுக்கு அடி, இரண்டு பாகம் ஒட்டி நின்ற ஓரம் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். பிரேக் பிளேட்டில் கோடு இருந்ததால் என்ஜின் கவரிலும் அதுதான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வண்டியில் ஒரு பாகம் பாலிஷ், இன்னொன்று கோடு, மற்றொன்று வார்த்தபடியே என்று வருவது சகஜம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் அது பழைய வண்டியாக இருக்காது.

அந்தக் கோடு, ஒரே திசையில் போட்ட சீரான கீறல், அவ்வளவுதான். ஆலையில் உப்புத்தாள் பெல்ட்டில் வைத்து இழுப்பார்கள். வீட்டில் கையாலேயே போடலாம், பொறுமை வேண்டும். முதலில் டீசலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். மஞ்சளாகச் செதில் செதிலாக எதுவும் உரிந்தால் அது பழைய வார்னிஷ். பெயின்ட் ரிமூவர் போட்டு முழுக்க எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும்.

அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். ஆழமான கீறல் இருந்தால் 320-ல் ஆரம்பித்து 400, 600 என்று போங்கள். கீறல் லேசாக இருந்தால் 400 போதும். தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விட்டு, கோட்டின் திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டம் போடவே கூடாது. ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மாதிரி உருண்டையான பாகம் என்றால் சக்கரத்தைச் சுழல விட்டுத் தாளைப் பிடித்தால் கோடு சுற்றி வரும். கடைசியில் பெயின்ட் கடையில் விற்கும் மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பு நாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பு. கையை எடுத்து மறுபடி அதே முனையிலிருந்து. முன்னும் பின்னும் ஓட்டினால் கோடு நடுவில் வளையும். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் சாம்பல் நிறம். எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 600-க்கு மேல் போனால் கோடு மறைந்து கண்ணாடிப் பக்கம் போய்விடும். கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கும் தாள்) உட்காரும் முகத்தில் மட்டும் தாளைத் தொடாதீர்கள், எண்ணெய் கசியும். சாமானுக்கு மொத்தம் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

மூன்று விஷயங்களைக் கிட்டவே சேர்க்க வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும், கிளம்பும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் உல்லும் இரும்புத் துணுக்கை அலுமினியத்தில் பதித்துவிட்டுப் போகும், மழைக்காலத்தில் துருப் புள்ளி வரும். சேண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். அதைவிட மோசம், என்ஜின் பாகத்தின் எண்ணெய் ஓட்டையில் மணல் தங்கினால் பேரிங் போய்விடும்.

முடித்த பிறகு வார்னிஷ் அடிப்பதா, அப்படியே விடுவதா? என் கட்சி, அப்படியே விட்டு மெழுகு போடுவது. வார்னிஷ் கல் பட்டு ஒரு இடத்தில் விட்டால் அதற்கு அடியில் ஈரம் புகுந்து வெள்ளைப் புழு போல அரிக்கும், அப்போது எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். வெறும் அலுமினியம் மங்கினால் ஸ்காட்ச் பிரைட் ஒரு இழுப்பு போதும். வண்டி கழுவும் தண்ணீரைக் கவனியுங்கள். சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்கும். கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய புல்லட் கவரை "ஒரிஜினல் ஃபினிஷ்" என்று சொல்லிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் தேய்ந்து, பளபளவென்று திரும்பி வந்தது. பில் தரவில்லை, ஜி பே-யில்தான் பணம் போட்டேன். பட்டறை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: முடியும். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை என்றால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் வரும் சேவைக் குறைபாடு. பில் இல்லாவிட்டாலும் பணம் போன பதிவும், வாட்ஸ்அப்பில் பேசியதும், கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோவும் சான்றாகும். முதலில் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

ஆனால் ஒன்று: "ஒரிஜினல்" என்று நீங்கள் சொன்னது அவருக்குப் பாலிஷ் என்று பட்டிருக்கலாம். ஆணையத்திலும் அதையே சொல்வார். "பஃபிங் வேண்டாம், ஒரே திசையில் கோடு, எழுத்தைத் தொடக்கூடாது" என்று நீங்கள் எழுதி அனுப்பிய செய்தி ஏதும் இருந்தால் அதைத் தேடி எடுங்கள், வழக்கின் பலம் அதில்தான் இருக்கிறது. அடுத்த முறை யாருக்குக் கொடுத்தாலும் முதலில் ஒரு சின்ன பாகத்தை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீஸ்டோர் செய்த வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. அலுமினியமெல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. அதற்காகவே விலை கூடச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- தாராபுரம் வாசகர்

பதில்: மின்னுவதற்காகக் கூடக் கொடுக்க வேண்டாம். கவர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், எழுத்து கூராக இருக்கிறதா, ஸ்க்ரூ குழிகள் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். என்ஜினைச் சூடாகும் வரை ஓட விட்டு, கவர் சேரும் இடத்தில் எண்ணெய் வடிகிறதா என்று கவனியுங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கக் கேளுங்கள்.