ஆச்சியிடம் கேளுங்கள்: நோன்பு வீட்டில் வளர்ப்புக் குழந்தை

கேள்வி: என் நாத்தனார் 9 வயதுப் பெண் குழந்தையை அரசின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் (தத்து அல்ல; பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளையை வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்ப்பது) வளர்க்கிறார். எங்கள் நகரத்தார் வழக்கமான பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் காரைக்குடி வீட்டில் கூடுகிறோம். நாங்கள் எப்படி நடந்துகொள்வது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள் ஆத்தா. "உன் அம்மா எங்கே?" என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கக் கூடாது. "மாதம் 4,000 ரூபாய் வருகிறதாமே" என்று நாத்தனாரிடமும் கேட்க வேண்டாம். அது பிள்ளையின் செலவுக்கு அரசு தருவது; பள்ளிக்கூடச் செலவுக்கே பற்றாது என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இழை எடுக்கும்போது (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியை வாயில் போட்டுக்கொள்ளும்போது) மற்றப் பிள்ளைகளோடு அவளையும் வரிசையில் நிறுத்துங்கள். சுடரோடு விழுங்கப் பயந்தால் விட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே அழுவதில்லையா? சீடையை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டால் பார்க்காததுபோல் இருங்கள். பசி அறிந்த பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு. பெற்றவளை நினைத்து அன்றைக்கு முகம் வாடினாலும் நன்றிகெட்டதனம் என்று பேசாதீர்கள். பார்க்க ஆசைப்பட்டால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் நாத்தனார் முன்கூட்டியே கேட்கட்டும்.

குடும்பப் படத்தில் அவள் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள். இத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது.

நாத்தனாரைப் புண்ணியவதி என்று புகழ்வதைவிட, அன்று மாவு இடிப்பதையும் அடுப்படியையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு அவரை மதியம் தூங்க விடுங்கள்.