கேரியர் மானியத்தில் கல்விக்கு என்ன இடம்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கணினித் துறை பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். பல கணினிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் பரவல் கணினி அமைப்புகளில், குறிப்பாக முழுவதும் செயலிழந்துவிடாமல் பாதி உயிரோடு மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கும் சேமிப்பு வழங்கிகளை (தரவைச் சேமித்துத் தரும் கணினிகளை) கண்டறிவதில் என் ஆய்வு நடக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்) இளம் பேராசிரியர்களுக்கு வழங்கும் கேரியர் மானியத்துக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. ஆய்வுப் பகுதியை மூன்று மதிப்பீட்டாளர்களும் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் 'கல்வித் திட்டம் பொதுப்படையானது, ஆய்வோடு ஒட்டவில்லை' என்று குழுவின் குறிப்பு சொல்கிறது. பள்ளி மாணவர்களுக்குக் கோடையில் இரண்டு நாள் நிரலாக்கப் பயிலரங்கு நடத்துவேன் என்று எழுதியிருந்தேன்.

கணினி ஆய்வுக்குப் பணம் கேட்பவரைக் கல்வித் திட்டத்தை வைத்து எடைபோடுவது நியாயமா? கல்வியைப் பற்றி எதுவும் கேட்காத பாதுகாப்புத் துறை மானியங்களின் பக்கம் போய்விடலாமா? அறிவியல் கல்விக்கான மானியங்களே இடைநிறுத்தப்படும் இந்தக் காலத்தில் அந்தப் பகுதிக்கு உழைப்பதில் பொருள் இருக்கிறதா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நியாயம் என்றே பதில் சொல்வேன். அதற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் அறிவுரையாகிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என்.எஸ்.எஃப் 1950 மே மாதம் அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்ட சட்டத்தால் உருவானது. அடிப்படை ஆய்வுக்கு உதவுவதோடு அறிவியல் கல்வியை வளர்ப்பதும் அதன் கடமை என்று அச்சட்டமே சொல்கிறது. 1952இல் தன் முதல் ஆய்வு மானியங்களை வழங்கிய அதே ஆண்டில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான உதவித்தொகையையும் அது தொடங்கிவிட்டது. ஆய்வுக்காக ஏற்பட்ட ஓர் அமைப்பின் தலையில் பின்னாளில் யாரோ கல்வியையும் ஏற்றிவைத்தார்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஊடாகத் தெரிகிறது. வரலாறு அப்படி இல்லை. 1995இல் தொடங்கிய கேரியர் திட்டம், ஆய்வும் கல்வியும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பதையே தன் அடையாளமாகக் கொண்டது. ஆய்வுக்கு மட்டும் பணம் வேண்டுமென்றால் உங்கள் துறையிலேயே என்.எஸ்.எஃப்பின் பொதுத் திட்டங்கள் இருக்கின்றன. அங்கும் பரந்த பயனை, அதாவது ஆய்வால் சமூகத்துக்கு என்ன நன்மை என்பதைப் பற்றிக் கேட்பார்கள். ஆனால் ஐந்தாண்டுக் கல்வித் திட்டத்தைக் கேட்கமாட்டார்கள்.

கணினித் துறையில் இந்த இணைப்புக்கு இன்னும் வலுவான ஒரு காரணம் உண்டு. நம் துறையில் அரசுப் பணம் விளைவித்த பெரிய விளைவுகளில் பல, மாணவர்களுக்காகச் செய்தவையாகவோ மாணவர்கள் செய்தவையாகவோ இருக்கின்றன. டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் என்.எஸ்.எஃப் உதவியோடு பேசிக் மொழியையும் நேரப் பகிர்வு அமைப்பையும் உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த அமைப்பின் நிரலில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளங்கலை மாணவர்கள். 1964 மே முதல் நாள் விடியுமுன் அது முதன்முறையாக ஓடியது. ஒரே நேரத்தில் பலர் ஒரு கணினியைப் பயன்படுத்துவது அன்று பலர் ஆராய்ந்துகொண்டிருந்த சிக்கல். வகுப்பறையின் தேவையே அதற்கு ஒரு விடையை அங்கே கட்டாயமாக்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்.எஸ்.எஃப் நிதியில் இயங்கிய மீக்கணினி மையத்தில்தான் 1993இல் மொசைக் உலாவி உருவானது. அதை எழுதிய இருவரில் மார்க் ஆண்ட்ரீசன் அப்போது இளங்கலை மாணவர். என்.எஸ்.எஃப், பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா, நாசா ஆகியவை 1994இல் சேர்ந்து தொடங்கிய மின்னூலகத் திட்டத்தின் ஸ்டான்ஃபோர்டு கிளையில் லாரி பேஜ் பணியாற்றினார். செர்கேய் பிரின் என்.எஸ்.எஃப் உதவித்தொகை பெற்ற மாணவர். அங்கே பிறந்த தேடுபொறியின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச் மொழிக்கும் தொடக்கத்தில் கைகொடுத்தது என்.எஸ்.எஃப் மானியமே.

இவற்றைச் சொல்வது பெருமை பேசுவதற்காக அன்று. உங்கள் குழுவில் அமர்ந்திருந்தவர்களின் மனத்தில் 'இந்த ஆள் ஐந்தாண்டுகளில் எப்படிப்பட்ட மாணவர்களை உருவாக்குவார்' என்ற கேள்வி ஏன் இருக்கிறது என்பதை விளக்கவே சொல்கிறேன். மதிப்பீட்டுக் குழுக்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். அங்கே பேசப்பட்டதை வெளியே சொல்வது முறையாகாது. ஆனால் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். இரண்டு நாள் கோடைப் பயிலரங்கு என்ற வரியை அந்த அறையில் இருக்கும் எல்லோரும் ஏற்கெனவே பலமுறை வாசித்திருப்பார்கள். அது தவறான காரியம் அன்று. ஆனால் அந்த வரியை உங்கள் முன்மொழிவிலிருந்து எடுத்து, படச் செயலாக்கத்தில் ஆய்வு செய்யும் ஒருவரின் முன்மொழிவில் ஒட்டினாலும் எந்த வேறுபாடும் தெரியாது. 'ஆய்வோடு ஒட்டவில்லை' என்று அவர்கள் எழுதியது இதைத்தான். சட்டையில் பிறகு தைத்த பை போல அது தனியாகத் தொங்குகிறது.

உங்கள் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். பாதி செயலிழக்கும் வழங்கிகளால் பெரிய அமைப்புகள் விழுவதற்கு முக்கியக் காரணம், அந்த நிலையை எதிர்பார்த்து யாரும் நிரல் எழுதாதது. ஒரு கணினி இருக்கும், அல்லது இருக்காது என்ற இரண்டு நிலைகளை மட்டுமே நிரலாளர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? இளங்கலை வகுப்பில்தான். வலையமைப்பு ஒருபோதும் தாமதிக்காது, வட்டு எப்போதும் உடனே பதில் தரும் என்று வைத்துக்கொண்டு எழுதிய பயிற்சி நிரலுக்கு முழு மதிப்பெண் கொடுத்து நாமே அதை வளர்க்கிறோம். உங்களிடம் செயற்கையாகக் கோளாறுகளைப் புகுத்திச் சோதிக்கும் கருவி ஒன்று கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. அந்தக் கருவியை எளிமையாக்கி, இயக்கமுறைமை வகுப்பின் ஆய்வகப் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள். மாணவரின் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வழங்கி மெதுவாகட்டும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

இதில் கல்வி மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பல பருவங்களில் பல மாணவர்கள் எழுதிய கோளாறு கையாளும் நிரல்கள் உங்களிடம் சேரும்போது, மனிதர்கள் எந்தெந்த வகையில் தவறாக எழுதுகிறார்கள் என்பதற்கான தரவு உங்களுக்குக் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கோளாறு அறிக்கைகளை உங்களிடம் தரப் போவதில்லை. வகுப்பறை தரும். அந்தத் தவறுகளின் வகைப்பாடு உங்கள் கண்டறியும் முறைக்கு உள்ளீடாகும். முறை மேம்படும்போது ஆய்வகப் பயிற்சியும் மாறும். இப்படி எழுதினால் கல்விப் பகுதியை வெட்டியெடுக்கும்போது ஆய்வுப் பகுதியும் குறைப்பட்டுப்போகும். இணைப்பு என்று அவர்கள் கேட்பது இத்தகைய ஒன்றை. ஒரு எச்சரிக்கை: மாணவர்களின் நிரல்களை ஆய்வுத் தரவாகப் பயன்படுத்துவது மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வாகிவிடும் என்பதால் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவை முன்கூட்டியே அணுக வேண்டும். அதை முன்மொழிவிலேயே ஒரு வரியாகச் சொல்லிவிட்டால் நீங்கள் இதை உண்மையிலேயே செய்யப் போகிறீர்கள் என்று வாசிப்பவருக்குப் புரியும்.

அடுத்தது அளவீடு. பயிற்சி பயன் தந்ததா என்று எப்படி அறிவீர்கள் என்பதைக் குறைந்தது ஒரு பத்தியிலாவது எழுதுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான சிக்கலைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது போதும். ஆய்வுப் பகுதியில் ஒவ்வொரு கூற்றுக்கும் சோதனை அமைக்கும் நாம், கல்விப் பகுதிக்கு வந்ததும் 'மாணவர்கள் மகிழ்ந்தார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வது விந்தைதான். பள்ளிகளுக்குத்தான் போக விரும்புகிறீர்கள் என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். என்.எஸ்.எஃப் ஆதரவோடு பல ஆண்டுகள் வடிவமைக்கப்பட்டு 2016இல் அமெரிக்கப் பள்ளிகளில் தொடங்கிய 'கணினி அறிவியல் கோட்பாடுகள்' என்ற மேல்நிலைப் பாடம் இருக்கிறது. இணையம் எப்படிக் கோளாறுகளைத் தாங்கி இயங்குகிறது என்பது அதன் பாடத்திட்டத்திலேயே வருகிறது. உங்கள் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரிவில் கேரியர் மானியத்தின் குறைந்தபட்சத் தொகை ஐந்தாண்டுகளுக்கு 4 லட்சம் டாலர். பெரிய தொகையாகத் தெரியும். அதில் நிர்வாகம், கட்டடம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் மறைமுகச் செலவு, நேரடிச் செலவின் மேல் 55 சதவீதம் என்று கொண்டால், நேரடிச் செலவுக்குத் தோராயமாக 2 லட்சத்து 58 ஆயிரம் மிஞ்சும்; ஆண்டுக்கு 52 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகை, அவரது கல்விக் கட்டணம் என்று எழுதத் தொடங்கினால் அதிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். எனவே கல்விக்கெனப் பெரும் செலவுகளை அடுக்காதீர்கள். ஏற்கெனவே நீங்கள் கற்பிக்கும் வகுப்புக்குள் நடப்பதற்குத் தனிப் பணம் வேண்டியதில்லை. இளங்கலை மாணவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்வதற்குக் கூடுதல் நிதி கேட்கும் வழி மானியம் கிடைத்த பிறகு திறந்தே இருக்கிறது.

பாதுகாப்புத் துறைப் பணத்தைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு, தாராளமாக விண்ணப்பியுங்கள், ஆனால் கல்விப் பகுதியிலிருந்து தப்பிப்பதற்காக வேண்டாம் என்பது என் பதில். டார்ப்பாவும் விமானப்படை, கடற்படை ஆய்வு அலுவலகங்களும் இளம் ஆசிரியர்களுக்கென்று மானியங்கள் வைத்திருக்கின்றன. அவை கேட்பது அவற்றின் தேவைக்கு உங்கள் ஆய்வு எங்கே பொருந்துகிறது என்பதை. அந்தத் தேவை மாறும். 1962இல் ஆர்ப்பாவில் (டார்ப்பாவின் அன்றைய பெயர்) லிக்லைடர் கணினி ஆய்வுக்கான அலுவலகத்தைத் தொடங்கியபோது, எம்.ஐ.டி போன்ற இடங்களுக்குப் பெருந்தொகையை நீண்டகால நோக்கில் தந்தார். பல கணினித் துறைகள் அந்தப் பணத்தில் வளர்ந்தன. ஆனால் 1969இல் நிறைவேறிய மான்ஸ்ஃபீல்டு திருத்தம், இராணுவப் பணியோடு நேரடித் தொடர்பு இல்லாத ஆய்வுக்கு அந்தப் பணம் போகக்கூடாது என்றது. அன்று நட்டாற்றில் நின்ற பல ஆய்வுகள் பின்னர் ஒதுங்கிய கரைகளில் என்.எஸ்.எஃப் முக்கியமானது. இரண்டு வகை ஆதரவும் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் நம்பியிருப்பது, அதுவும் பணிநிரந்தரத்துக்கு முன், நல்லதன்று.

மூன்றாவது கேள்விதான் எனக்கும் கடினமானது. 2025 ஏப்ரல் முதல் என்.எஸ்.எஃப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை இடையிலேயே நிறுத்தியது. அவற்றில் அறிவியல் கல்வி சார்ந்தவை மிகுதி. மக்களில் குறிப்பிட்ட பிரிவினரை மட்டும் முன்னிறுத்தும் செயல்பாடுகளை ஆதரிக்கப் போவதில்லை என்றும் அப்போது அறிவித்தது. பல ஆண்டுகள் உழைத்து ஆசிரியர்களையும் பள்ளிகளையும் ஒருங்கிணைத்தவர்களின் திட்டங்கள் ஒரு மின்னஞ்சலில் முடிந்துபோயின. அதை நான் சரியென்று கருதவில்லை. ஆயினும் உங்கள் கேள்விக்கு அது விடையாகாது. பரந்த பயன் என்ற அளவுகோல் 1997இல் என்.எஸ்.எஃப்பை வழிநடத்தும் தேசிய அறிவியல் வாரியம் வகுத்தது. 2010, 2017 ஆண்டுச் சட்டங்களில் நாடாளுமன்றமே அதை எழுதிவைத்திருக்கிறது. முன்னுரிமைகள் ஆட்சியோடு மாறலாம். அந்த அளவுகோலை ஓர் அறிவிப்பால் நீக்கிவிட முடியாது. மேலும், நான் மேலே சொன்ன வகையான திட்டம், அதாவது உங்கள் வகுப்பில் இருக்கும் எல்லா மாணவர்களுக்கும் உங்கள் ஆய்விலிருந்தே பிறக்கும் பயிற்சி, எந்தக் காற்று அடித்தாலும் நிற்கக்கூடியது. மானியமே நின்றுபோனாலும் அந்தப் பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும்.

கேரியர் மானியத்துக்கு ஒருவர் மூன்று முறைதான் முயலலாம். உங்களுக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. அடுத்த கெடுவுக்கே விண்ணப்பித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆய்வகப் பயிற்சியை முதலில் ஒரு பருவம் நடத்திப் பார்த்துவிட்டு, அதன் தொடக்க முடிவுகளோடு போவது மேல். உங்கள் துறைத் தலைவரின் கடிதமும் அப்போதுதான் வெறும் சடங்காக இல்லாமல், இந்தப் பயிற்சி துறையின் பாடத்திட்டத்தில் இடம்பெறும் என்று திட்டமாகச் சொல்ல முடியும்.

அதற்கு முன் ஒரு பக்கச் சுருக்கம் ஒன்றை எழுதி, உங்கள் பிரிவைக் கவனிக்கும் என்.எஸ்.எஃப் திட்ட அலுவலருக்கு அனுப்பிப் பேசுவதற்கு நேரம் கேளுங்கள். குழு பரிந்துரைதான் செய்யும். எந்த முன்மொழிவுக்கு நிதி கேட்பது என்பதை முடிவுசெய்து மேலே அனுப்புபவர் அவர். நம்மவர்கள் பலர் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தயங்குகிறார்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதி. ஜூலை இறுதியில் கெடு வரும் என்பதால் ஜூன் மாதத்தில் அவர் அலுவலகத்துக்குக் கடிதங்கள் குவியும். ஏப்ரலிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்.