அரசு யாருக்காக ஒதுங்குகிறது?

கேள்வி: தொழிலிலும் வியாபாரத்திலும் அரசுக்கு என்ன வேலை? சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் தானாகச் சரியாகும். ராஜாஜி அன்றே இதைத்தானே சொன்னார்? ராணுவம், போலீஸ், நீதிமன்றம் இந்த மூன்றோடு அரசு நின்றுகொண்டு, ரேஷன் கடை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாவற்றையும் மூடிவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் கேட்பது போன்ற அரசு நம் ஊரிலேயே ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. அது நடந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ராஜாஜிக்கு வருவோம்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிச் சொல்லி நடுங்கினார்களே, அதுதான். சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் என்று தென்னிந்தியாவே வதங்கியது. செத்தவர்களின் எண்ணிக்கை, குறைத்துப் போட்ட கணக்கிலேயே 50 லட்சத்தைத் தாண்டுகிறது.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். நிலைமை முற்றுவதற்குள் கையிருப்பாக இருக்கட்டும் என்று 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. அரசு தானியம் வாங்கினால் தனியார் வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவான், விலை ஏறினால் சரக்கு தானாக வந்து சேரும், எனவே கை வைக்காதே என்பது அவர் கட்டளை. விலை ஏறியது. சரக்கும் ஓரளவு வந்தது. ஆனால் அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. விளைச்சல் போனதோடு அவன் வேலையும் போயிருந்தது. சென்னைக் கடற்கரையில் அரிசி மூட்டைகள் காவலோடு அடுக்கிக் கிடக்க, அதே நகரத்துத் தெருக்களில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். 1877-இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன கோதுமை மட்டும் 3 லட்சம் டன்னுக்கு மேல். வடக்கே விளைந்ததுதான், இருந்தாலும் அதே அரசின் துறைமுகங்கள் வழியாகத்தான் போனது.

இதில் என்னை மிகவும் வதைப்பது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியின் கதை. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக வரவழைத்து மக்களைக் காப்பாற்றியவர் இவர். சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, 'பணத்தை வாரி இறைத்துவிட்டார்' என்ற வசவு. அதே டெம்பிளை 1877-இல் செலவைக் கட்டுப்படுத்தச் சென்னைக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்குத் தானியம் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை என்று அவர் விதித்தார். 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் வந்தது. மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். ஒன்றரை பவுண்டுக்குக் குறைந்தால் வேலை செய்யும் உடம்பு தாங்காது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சில மாதம் கழித்து ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்று ஏற்றினார்கள். அதற்குள் நிவாரண முகாம்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த அரசு நிஜமாகவே ஒதுங்கி நின்றதா? உப்பு அதன் ஏகபோகம். பஞ்சம் ஓய்வதற்குள்ளேயே சென்னை மாகாணத்தில் உப்பு வரியை ஏற்றினார்கள். ரயில் கம்பெனிகளில் பணம் போட்ட லண்டன்காரர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து சதவீத வட்டி என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள். நிலவரி வசூல் நின்றுவிடவில்லை. மூட்டைகளுக்குக் காவல் நின்றதும் சர்க்கார் ஆள்தான். ஆக, அரசு எல்லா இடத்திலும் இருந்தது. பசித்தவன் பக்கத்தில் மட்டும் அது இல்லை. 'சந்தையை அதன் போக்கில் விடு' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அரசு யாரிடமிருந்து ஒதுங்க வேண்டும் என்கிறீர்கள், யாருக்குக் காவல் நிற்க வேண்டும் என்கிறீர்கள்?

அந்த அதிகாரிகள் ஆதாரம் காட்டியது பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தை. வங்காளத்தில் அரிசி வியாபாரத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட தடைகள்தான் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கியிருக்கலாம் என்று அவர் எழுதியதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஸ்மித் அரசின் கடமைகளாக மூன்றைச் சொன்னார். ராணுவம், நீதி இரண்டும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. மூன்றாவது, தனியாருக்குக் கட்டுப்படியாகாத ஆனால் ஊருக்கு அவசியமான பொதுப்பணி: சாலை, பாலம், கால்வாய், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு. அதை விட்டுவிட்டீர்கள்.

பஞ்சத்துக்குப் பிறகு கமிஷன் போட்டார்கள். 1880-இல் அறிக்கை வந்தது, 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது. பஞ்சம் தெரிந்ததும் அரசு வேலை கொடு, கூலி கொடு. கையில் காசு வந்தால் வியாபாரி தானியத்தைக் கொண்டுவருவான். வியாபாரியை விரட்டவில்லை பாருங்கள், வாங்க முடியாதவனை வாங்குகிறவனாக மாற்றுகிறது. சந்தை வேலை செய்வதற்கே அரசு தேவைப்படுகிற இடம் இது. இத்தனை உயிர் போன பிறகுதான் அவர்களுக்கு இது புரிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது.

இனி ராஜாஜி. அவர் 1959-இல் சுதந்திரா கட்சி தொடங்கி, லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று முழங்கியது முழுக்க நியாயம். லைசென்சில் எழுதிய அளவுக்கு மேல் உற்பத்தி செய்வது குற்றம், ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது, தொலைபேசிக்கு எம்.பி. சிபாரிசு... 1991 வரை இந்த நாடு பட்டது போதும். ரொட்டி சுடுவது அரசின் வேலையில்லை, மாடர்ன் பிரெட்டை 2000-இல் விற்றதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. 1952-இல் முதலமைச்சராக வந்த சில மாதங்களிலேயே ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பெரிய துணிச்சல், பலித்தது. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் துணை நின்றார். ஆனால் ராஜாஜி அடிக்க ஓங்கியது பர்மிட் எழுதும் கையை. உங்கள் பட்டியலுக்கு அவரைச் சாட்சி கூப்பிடாதீர்கள்.

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் நொய்யல் ஆற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே கரூர் வரை விவசாயிக்குக் கிணறும் போச்சு, வயலும் போச்சு. பனியன் விலையில் அந்த நஷ்டம் எந்தக் காலத்திலாவது சேர்ந்திருந்ததா? வாங்கிய வெளிநாட்டுக்காரன் கொடுக்கவில்லை, விற்றவரும் கொடுக்கவில்லை, பனியனே விற்காத விவசாயி கொடுத்தார். சந்தை தானாக இதைச் சரிசெய்ய எத்தனை வருஷம் காத்திருந்தோம்! 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு நிஜமாக நடைமுறைக்கு வந்தது. அதைக் கட்டி முடிக்க அதே ஆண்டு தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்ததே, அதை உங்கள் ஊரில் யாரும் 'அரசு மூக்கை நுழைக்கிறது' என்று திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருக்கவும் கூடாது, அது நல்ல கடன்.

ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை மூடச் சொல்லாதீர்கள், ஒழுங்காக வேலை செய்யச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் எடை குறைகிறது, அரிசி கடத்தல் நடக்கிறது என்றால் பிடித்து உள்ளே போடச் சொல்லுங்கள். ஊரடங்கில் உங்கள் தறியும் தையலும் நின்றபோது, அந்தத் தொழிலாளி வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கடை அரிசியில். ஏற்றுமதியாளருக்கு வரவேண்டிய ஜி.எஸ்.டி. பணம் மாதக்கணக்கில் முடங்குவது, ஒரு சின்னப் பட்டறைக்குப் பத்து அலுவலகம் ஏறி இறங்குவது, இவற்றைப் பற்றி ஆதாரத்தோடு எழுதி அனுப்புங்கள். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம், அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.