வெள்ளரிக்காயைத் தவிர வேறெதையும் தொடாத ஆமை

கேள்வி: நாங்கள் லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். மகளின் ஆசைக்காக, முன்பு வேறொரு குடும்பத்தில் வளர்ந்த ஹார்ஸ்ஃபீல்ட் இன நில ஆமை ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் வாங்கினோம். அங்கே வெள்ளரிக்காய், தக்காளி, ஐஸ்பெர்க் லெட்டூஸ் ஆகியவற்றை மட்டுமே கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். டேன்டிலயன் போன்ற களைச்செடிகளைத்தான் கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார். அவற்றை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. நான்கு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எங்களுக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி, பட்டினி போட மனம் வராததும் சரி. ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையின் தாயகம் கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகளின் வறண்ட புல்வெளிகள். கோடையின் கடும் வெயிலிலும் குளிர்காலத்தின் உறைபனியிலும் மண்ணுக்குள் வளை தோண்டி முடங்கிக் கிடந்து, இடைப்பட்ட சில மாதங்களில் முளைக்கும் செடிகளைத் தின்றே ஆண்டு முழுவதற்குமான வலுவைச் சேர்த்துக்கொள்ளும் உயிரினம் அது. நார்ச்சத்து மிகுந்த, சர்க்கரையும் புரதமும் குறைந்த இலைகளைச் செரிப்பதற்கென்றே அதன் குடல் அமைந்திருக்கிறது. வெள்ளரிக்காய் நஞ்சல்ல, ஆனால் அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். நூறு கிராம் டேன்டிலயன் இலையில் சுமார் 187 மில்லிகிராம் கால்சியமும் 66 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன. அதே அளவு வெள்ளரிக்காயில் கால்சியம் சுமார் 16, பாஸ்பரஸ் 24 மில்லிகிராம் மட்டுமே. நில ஆமையின் உணவில் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது கால்சியம் இருக்க வேண்டும் என்பதால், வெள்ளரிக்காயை மட்டுமே தின்று வளரும் ஆமையின் ஓடும் எலும்பும் நாளடைவில் மென்மையாகிவிடும்.

உணவை மாற்றும் முன் வெப்பத்தைச் சரிபாருங்கள். ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உடல் போதிய அளவு சூடேறாவிட்டால் குடல் மந்தமாகி, பசியும் எடுக்காது. அந்நிலையில் ஆமை தனக்கு மிகவும் பிடித்ததை மட்டும் இரண்டு வாய் கடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், நாமும் அதைப் பிடிவாதம் என்று எண்ணிக்கொள்வோம். வெயில் காயும் விளக்கின் நேர் கீழே, ஆமையின் ஓடு இருக்கும் உயரத்தில், 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், கூண்டின் மறுகோடியில் 20 முதல் 24 டிகிரியும் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள். புற ஊதாக் கதிர் விளக்கும் கட்டாயம் வேண்டும். அந்தக் கதிர் இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல், எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடலில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடுகிறது. பழைய விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் அதன் கதிர் வீச்சு குன்றியிருக்கலாம் என்பதால், தயாரிப்பாளர் குறித்துள்ள காலத்துக்குள் அதை மாற்றிவிட வேண்டும்.

வெப்பமும் ஒளியும் சரியான பிறகு, மெதுவாக உணவை மாற்றத் தொடங்கலாம். காலையில் விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, தாடைக்கு மேல் ஏறாத அளவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஆமையை விட்டு எடுங்கள். பல ஆமைகளுக்கு அதன் பின் பசி நன்றாகத் தூண்டப்படும். வெள்ளரிக்காயை அடியோடு நிறுத்த வேண்டாம். அதைத் துருவி, மிகப் பொடியாக நறுக்கிய டேன்டிலயன் இலையோடு பிசைந்து வையுங்கள். பருப்புச் சோற்றில் கீரையை மசித்துக் குழந்தைக்கு ஊட்டுகிறோமே, அதே முறைதான். பெரிதாக நறுக்கினால் ஆமை வெள்ளரித் துண்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு இலையை அப்படியே விட்டுவிடும். முதலில் ஒன்பது பங்கு பழைய உணவுக்கு ஒரு பங்கு புதிய உணவு போதும். தொடர்ந்து சில நாட்கள் தட்டு காலியானால் இலையைச் சற்றே கூட்டுங்கள். ஒதுக்கத் தொடங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். ஒரே நேரத்தில் நான்கு புதிய செடிகளைக் கலக்காமல், ஒன்று பழகிய பின் அடுத்ததைச் சேருங்கள். இப்படி மாறுவதற்குப் பல வாரங்கள், சில ஆமைகளுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

நிறமும் உங்களுக்கு உதவும். மஞ்சளும் சிவப்பும் ஆமைகளை வெகுவாக ஈர்க்கும் நிறங்கள். டேன்டிலயனின் மஞ்சள் பூவையோ செம்பருத்தி இதழையோ கலவையின் மேல் தூவி வையுங்கள். பூவைக் கடிக்க வரும் வாயில் இலையும் சேர்ந்து போகும். தட்டில் வைத்தால் தீண்டாத ஆமை, வேரோடு நிற்கும் செடியை மேய்வதையும் அடிக்கடி காணலாம். ஆகவே தொட்டியில் டேன்டிலயனையும் க்ளோவரையும் வளர்த்துக் கூண்டுக்குள் வைத்துப் பாருங்கள். வெயிலுள்ள மே, ஜூன் மாதங்களில் வேலியிட்ட புல்தரையில் உங்கள் கண்பார்வையிலேயே மேயவிடுங்கள். இளவேனிலில் துளிர்க்கும் இளந்தளிர்கள் முற்றிய இலைகளைவிடக் கசப்புக் குறைந்தவை என்பதால், மாற்றத்தைத் தொடங்க அதுவே உகந்த பருவம். செப்டம்பர், அக்டோபரில் பகல் குறுகும்போது ஆமையின் பசி தானாகவே குறையும். குளிர்கால உறக்கத்துக்கு முந்தைய அந்நாட்களில் புதிய உணவைத் திணிக்க வேண்டாம்.

திராட்சை இலை, முசுக்கட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவையும் நல்ல உணவே. பசலைக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சோறு, ரொட்டி, பருப்பு ஆகியவற்றை அன்பினால்கூடக் கொடுக்காதீர்கள். சாலையோரத்திலும், நாய்கள் நடமாடும் இடத்திலும், களைக்கொல்லி தெளித்த நிலத்திலும் செடி பறிக்காதீர்கள். பூக்கடைச் செடிகளில் பூச்சிமருந்து இருக்கும். ராக்வொர்ட், பட்டர்கப் ஆகிய செடிகளும் மஞ்சளாகப் பூப்பவை, ஆனால் நஞ்சுடையவை. உங்கள் மகள் செடி பறித்து வருவாளானால் இவற்றை அவளுக்கு முதலிலேயே அடையாளம் காட்டிவிடுங்கள். கால்சியம் தூளை அளவுக்கு மீறித் தூவினால் அந்த வாசனையாலேயே ஆமை உணவை வெறுக்கக்கூடும். கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் தனியே போட்டுவைத்தால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும்.

நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை. நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான ஆமை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால் ஆபத்தில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஆமை சத்துக் குறைந்த உணவிலேயே வளர்ந்தது, அதன் உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பது வெளியில் தெரியாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். பிடித்த உணவைத் தின்று புதியதை ஒதுக்கினால் அது பழக்கம். பிடித்த வெள்ளரிக்காயையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுத்தால் அது நோயின் அறிகுறி. எடை தொடர்ந்து குறைதல், மூக்கில் நீர்க்குமிழி, கண் வீக்கம், வாய்க்குள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிவு, கடிக்க முடியாதபடி நீண்டுவிட்ட அலகு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஊர்வன மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் உறவினர் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. சோறும் வாழைப்பழமும் தவிர எதையும் தின்பதில்லை. எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அது, மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலான முதலாம் அட்டவணையில் உள்ளது. ராசி என்று நம்பி வாங்குவோரால் இந்த ஆமைகள் புதர்க்காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடத்தப்படுகின்றன என்பதால், இதில் நயமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை: உறவினரைப் பக்கத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஒப்படைக்கும்வரை பசும்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, சிறிதளவு வாழைப்பழத்தைத் தடவிக் கொடுக்கலாம், சோற்றை நிறுத்திவிடலாம். ஆழமில்லாத தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். எதைத் தின்று வந்தது என்பதை வனத்துறையினரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அங்கே பராமரிப்பவர்களுக்கு அது பெரிதும் பயன்படும். தாமாகவே அருகிலுள்ள காட்டில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. வீட்டில் தொற்றிய நோய் அங்குள்ள ஆமைகளுக்குப் பரவக்கூடும், சோற்றுக்குப் பழகிய இந்த ஆமைக்கும் அங்கே இரை தேடத் தெரியாது.