நோ லிமிட் ஹோல்டெம் (போக்கர்) கேஷ் கேமில் டிரா கையில் இருக்கும்போது எவ்வளவு பெட் போடுவது?

பிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பிளஷ் டிரா கிடைத்தால், அதாவது ஒரே கலரில் (ஆட்டின், கிளாவர் மாதிரி) ஐந்து சேர இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றால், பெட் பாட்டில் (நடுவில் சேர்ந்த காய்கள்) கால் பங்கா, பாதியா, முழு பாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரொம்ப நாள் கால் பங்குதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை விட்டேன்.

எங்கள் ஆட்டம் தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில். பணம் கிடையாது. பாரிமுனையில் வாங்கிய பிளாஸ்டிக் காய்கள், ஆளுக்கு 200. அது போனால் இன்னொரு 200 எடுத்துக்கொள்ளலாம், நோட்டில் கடன் ஏறும். 200 காய்க்கு ஒரு பிளேட் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), பீச் ஸ்டேஷன் பக்கம் போய் வாங்கித்தர வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மூடப்பட்டதும் மாடியில் கூட்டம் கூடிவிட்டது. (அத்தோவுக்காக மனிதர்கள் இவ்வளவு யோசிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.)

பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைப்பது) 1, 2. ஒருவர் 2 போட்டு உள்ளே வந்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த நான் ஆட்டின் 8, ஆட்டின் 7 வைத்து 6 ஆக்கினேன். அவரும் பிக் பிளைண்டில் (அந்த 2 வைத்த இடம்) இருந்த அண்ணனும் கால், அதாவது அதே அளவு போட்டுத் தொடர்ந்தார்கள். பாட்டில் 19, கணக்குக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். பிளாப்: ஆட்டின் ராஜா, கிளாவர் 6, ஆட்டின் 2. இருவரும் செக், ஒன்றும் வைக்கவில்லை. நான் 5 காய் வைத்தேன். மலிவாக அடுத்த சீட்டைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. அண்ணன் யோசிக்கவே இல்லை, 25 ஆக்கினார். மற்றவர் ஃபோல்ட், சீட்டை மடக்கிவிட்டார்.

இன்னும் 20 போட்டால் மொத்தம் 70 ஆகும். அதில் என் 20 என்பது 28 சதவீதத்துக்கு மேல். அடுத்த சீட்டில் ஆட்டின் விழ வாய்ப்பு, நான் பார்க்காத 47 சீட்டில் 9, அதாவது 19 சதவீதம். கணக்குக்குக் கட்டாது. ஆனாலும் விழுந்தால் பின்னால் நிறைய வாங்கலாம் என்ற நம்பிக்கையில் போட்டேன். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஒன்றுமில்லாத சீட்டு. அவர் 50 வைத்தார். மடக்கிவிட்டேன். 31 காய் போச்சு.

"இன்னா நைனா, ஆட்டின் தேடினியா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ராஜா கீதுன்னா பதினஞ்சு வெப்ப. அஞ்சு வெச்சிட்டு குந்திகினு இருந்தா இன்னா அர்த்தம்?"

அவ்வளவுதான் விஷயம். நல்ல கைக்குப் பெரிய பெட், டிராவுக்குச் சின்ன பெட் என்று பிரித்தால் சீட்டைத் திருப்பி வைத்து ஆடுவதும் ஒன்றுதான். அந்த பிளாப்பில் உங்களிடம் ராஜா இருந்தால் எவ்வளவு வைப்பீர்களோ, டிராவுக்கும் அதையே வையுங்கள். நான் இப்போது பெட் போடுவதென்றால் இப்படிப்பட்ட போர்டில் (மேசையில் திறந்திருக்கும் சீட்டுகள்) பாட்டில் முக்கால் பங்கு, 15. மூன்றும் மூன்று கலரில் ஒட்டாமல் கிடக்கும் போர்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் எல்லாக் கைக்கும் சேர்த்து. அளவைப் போர்டு முடிவு செய்யட்டும், உங்கள் ஆசை அல்ல.

பெரிதாகப் போட்டால் பயமாக இருக்குமே என்பீர்கள். 20 பாட்டில் 15 வைத்தால், கையில் ஒன்றுமே இல்லாத வெறும் உதாருக்கு எதிராளி 43 சதவீதம் தடவை மடக்க வேண்டும், அப்போதுதான் நஷ்டமில்லை. டிரா வெறும் உதார் அல்ல, பாதி உதார். ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை பிளஷ் அமைய 35 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. இதற்குப் பிறகு யாரும் பெட் போடவில்லை என்று எளிதாக்கிக்கொண்டால், செக் செய்தாலே உங்கள் பங்கு 20-ல் 7. 15 வைத்து கால் வாங்கினால் 50-ல் 35 சதவீதம் 17.5, அதில் 15 கழித்தால் 2.5. அவர் மடக்கினால் முழு 20. ஆக, 26 சதவீதம் தடவை மடக்கினாலே செக்கைவிட பெட் மேல். பாதி பாட், அதாவது 10 வைத்தால் 19 சதவீதம் போதும். முழு பாட்டுக்கு 32. நிஜ ஆட்டத்தில் பின்னாலும் பெட் நடக்கும், ஆனால் எதிராளி எவ்வளவு மடக்க வேண்டும் என்பதை இந்த அளவில் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அதனால் அவுட்ஸ் (நம் கையை முடித்துத்தரும் மீதிச் சீட்டுகள்) எண்ணுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். எங்கள் மாடியில் என் மச்சான் ஒருவன் இருக்கிறான், ஜோடி 2 வந்தாலும் ஜகா வாங்க மாட்டான். இந்த விடாக்கண்டனிடம் பாதி உதார் விடுவது வீண். அவனிடம் செக் செய்து இலவசமாக டர்னைப் பார்ப்பேன். ஆட்டின் விழுந்தபின் பெரிதாக வைத்தாலும் கால் போடுவான், வேறென்ன வேண்டும்.

பெரிய பெட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிளாப்பில் 5 வைத்துக் கால் வாங்கினால் பாட் 30. டர்ன், ரிவர் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் 163-ல் முடியும். 15 வைத்திருந்தால் பாட் 50, அதே விகிதத்தில் 272 ஆகும். பிளஷ் அமைந்த பிறகு பாட்டைப் பெரிதாக்கலாம் என்று காத்திருந்தால் காரியம் நடக்காது, ஏனென்றால் மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் மேசையே கையைக் கட்டிக்கொள்ளும். 9, 8 வைத்துக்கொண்டு 10, 7, 2 போர்டில் 6 விழுந்தால் யாருக்கும் உறைக்காது. அவுட்ஸ் 8 என்றாலும் இந்த ஸ்ட்ரெயிட் டிராவில் (வரிசையாக ஐந்து சேர ஒன்று பாக்கி) காசு அதிகம் தேறும். அதே மாதிரி ஏஸ் பிளஷ் டிராவையும் என் 8, 7-ஐயும் ஒன்றாக நினைக்காதீர்கள். பெரிய பாட்டில் 8 பிளஷோடு போய் ராணி பிளஷிடம் மாட்டுவது ஒரு பிளேட் அத்தோ.

கேரம் ஆடியவர்களுக்கு ஒன்று புரியும்: ரெட் காயைப் போட்டால் போதாது, ஃபாலோவாக இன்னொரு காயும் போட வேண்டும். இல்லையென்றால் ரெட் நடுவுக்கே திரும்பிவிடும். பிளாப்பில் 15 வைக்கும் முன், டர்னில் ஒன்றும் வராவிட்டால் இன்னொரு பெட் போடுவேனா, நிறுத்துவேனா என்று முடிவு செய்துகொள்கிறேன். டர்னில் வாய்ப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும், அங்கே எதிராளி மடக்குவதையே நம்ப வேண்டும். பெரும்பாலும் நிறுத்திவிடுகிறேன். ஆனால் அதே 8, 7-க்கு ஆட்டின் 9, ஆட்டின் 6, வேறு கலரில் ஒரு 2 என்று பிளாப் வந்தால் கதையே வேறு. பிளஷ், ஸ்ட்ரெயிட் இரண்டுக்கும் சேர்த்து 15 அவுட்ஸ், ரிவர் வரை 54 சதவீதம். அப்போது யாராவது ரேஸ் செய்தால் (பெட்டை ஏற்றினால்) 200-ஐயும் தள்ளிவிடுவேன்.

போன ஞாயிறு திரும்பவும் ராஜா, இரண்டு ஆட்டினோடு ஒரு பிளாப். 20 பாட்டில் 15 வைத்தேன். அண்ணன் என் முகத்தையும் காயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ராஜாவா, ஆட்டினா?" என்றார். நான் டீயைக் குடித்தேன். சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். என் கையில் இருந்தது எது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் இந்தத் தளத்தில் படிக்கிறவர், அதனால் இங்கேயும் சொல்வதாக இல்லை.