இறக்கிய பொதிகளை எங்கே வைப்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹார்ட் டிஸ்க் பழுதான பழைய லேப்டாப் ஒன்றில், 16 ஜிபி பென் டிரைவிலிருந்து பப்பி லினக்ஸ் இயங்குதளத்தின் பயானிக்பப் பதிப்பை இயக்கி, பச்சைத் தேயிலை எடைக் கணக்கு எழுதி வருகிறேன். ராம் 2 ஜிபி. பேட்டரி போய்விட்டதால் நேரடி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. சிக்னல் கிடைக்கும் பின்னிரவில் மென்பொருள் பொதிகளை இறக்கி மை-டாக்குமென்ட்ஸில் வைப்பேன். சென்ற வாரம் மழையில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மறுநாள் பார்த்தால், அன்றிரவு கடைசியாக இறக்கிய இரண்டு பொதிகளைக் காணவில்லை. பென் டிரைவில் 12 ஜிபி காலியாக இருந்தும், மீதி இடம் 40 எம்பி என்றே திரை காட்டுகிறது. பொதிகளை எங்கே வைக்க வேண்டும்? நிறுவிய பிறகு அழித்துவிடலாமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் இரண்டு துன்பங்களுக்கும் வேர் ஒன்றே. பாரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், ராமில் ஏறி இயங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. நீங்கள் செய்யும் மாற்றங்களைக் காப்பதற்காக, முதல்முறை அணைக்கும்போது பென் டிரைவில் சேமிப்புக் கோப்பு ஒன்றை அது உருவாக்குகிறது. பென் டிரைவை ஓர் அறை என்று கொண்டால், இந்தச் சேமிப்புக் கோப்பு அந்த அறைக்குள் இருக்கும் டிரங்குப் பெட்டி. மை-டாக்குமென்ட்ஸ் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. திரை காட்டும் 40 எம்பி பெட்டியில் மிஞ்சிய இடம். அறையில் 12 ஜிபி காலியாகவே கிடக்கிறது.

பொதிகள் காணாமற்போன காரணமும் இதனோடு சேர்ந்ததே. பென் டிரைவின் ஆயுளைக் காக்கும் பொருட்டு, பப்பி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சேமிப்புக் கோப்பில் எழுதாமல், முதலில் ராமில் வைத்திருந்து, குறித்த இடைவெளியிலோ கணினியை முறைப்படி அணைக்கும்போதோ, திரையில் உள்ள ‘சேவ்’ படத்தை நீங்கள் சொடுக்கும்போதோதான் எழுதுகிறது. அதற்கு முன்பே மின்சாரம் நின்றால் ராமில் இருந்தவை போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலையில் இதை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். இடைவெளி எத்தனை நிமிடம் என்று பப்பி ஈவன்ட் மேனேஜர் என்னும் அமைப்புக் கருவியில் பார்த்துக் கொள்ளுங்கள். அது பூஜ்யமாக இருந்தால் தானாகச் சேமிப்பு நடக்காது.

ஆகவே பொதிகளைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். எம்என்டி என்னும் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) ஹோம் என்றொரு அடைவு இருக்கிறது. சேமிப்புக் கோப்பு குடியிருக்கும் பகிர்வு (பார்ட்டிஷன்), அதாவது உங்கள் பென் டிரைவே, அங்கே திறக்கும். அதில் ‘பயானிக்பப்-பொதிகள்’ என்று ஓர் அடைவை உருவாக்குங்கள். பதிப்பின் பெயரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு பப்பிக்காகச் செய்த பொதி மற்றொரு பப்பியில் இயங்கும் என்ற உறுதி இல்லை, 64 பிட் பொதி 32 பிட் கணினிக்கு உதவவே உதவாது. பழைய பொதிகளைச் சுட்டியால் பிடித்து அங்கே இழுத்து விட்டால் சிறிய பட்டியல் ஒன்று தோன்றும்; அதில் நகலெடுப்பதை விட்டு, நகர்த்துவதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘சேவ்’ படத்தைச் சொடுக்கினால்தான் பெட்டியில் இடம் விடுபடும். டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் ‘சின்க்’ என்று ஒருமுறை தட்டிவிடுவதும் நல்லது. எழுதப்படாமல் நிற்கும் மிச்சமும் பென் டிரைவுக்குப் போய்ச் சேரும்.

இனி இறக்குபவை நேராக அங்கேயே விழும்படி உலாவியின் அமைப்பில் மாற்றிவிடுங்கள். உலாவி ‘ஸ்பாட்’ என்னும் தனிப் பயனராக இயங்கினால் அங்கே எழுத அனுமதி மறுக்கப்படலாம். அப்போது ஸ்பாட்டின் டவுன்லோட்ஸ் அடைவில் இறக்கி, முடிந்த கையோடு நகர்த்திவிடுங்கள்.

அழிப்பதைப் பொறுத்தவரை, பொதியின் வகையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ‘பெட்’ வகைப் பொதி, நிறுவும்போதே விரிந்து தன் கோப்புகளைக் கணினியில் பரப்பிவிடுகிறது. அதன்பின் மூலப்பொதி இல்லாமலே மென்பொருள் ஓடும். ‘எஸ்எஃப்எஸ்’ வகை அப்படியன்று. அது விரியாமல், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணினியோடு இணைக்கப்படுகிறது. கோப்பை அழித்தால் மென்பொருளும் போயிற்று. பெரிய மென்பொருள்களை எஸ்எஃப்எஸ்ஸாக வெளியே வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பெட்டியின் இடத்தை அவை தின்பதில்லை. பெட் பொதிகளை அழிக்கலாம் என்றாலும், நள்ளிரவு வரை விழித்திருந்து இறக்கியவற்றை அழிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். சேமிப்புக் கோப்பு கெட்டுப்போனால் அவற்றைக் கொண்டே எல்லாவற்றையும் மீண்டும் நிறுவிவிடலாம்.

கேள்வி: ஆன்ட்டிஎக்ஸ் லினக்ஸை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவியிருக்கிறேன். ஆப்ட்-கெட் கட்டளை இறக்கும் பொதிகள் எங்கே போகின்றன? கடையில் உள்ள இன்னொரு கணினிக்கு அவற்றைக் கொண்டுபோகலாமா?
- ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: ஆன்ட்டிஎக்ஸ், டெபியன் என்னும் லினக்ஸின் வழி வந்தது. எனவே வார் என்னும் அடைவில் கேஷ், அதனுள் ஆப்ட், அதனுள் ஆர்க்கைவ்ஸ் என்று போனால் ‘டெப்’ பொதிகள் இருக்கும். ஆப்ட்-கெட் அவற்றை வைத்திருக்கும். ‘ஆப்ட்’ என்ற புதிய கட்டளையோ, நிறுவி முடித்ததும் வழக்கமாக அழித்துவிடும். கொண்டுபோக நினைத்தால் பழைய கட்டளையையே பயன்படுத்துங்கள். இரண்டு கணினிகளிலும் ஒரே பதிப்பும் ஒரே பிட் அளவும் இருக்க வேண்டும். உங்களிடம் முன்பே நிறுவப்பட்டிருந்த துணைப்பொதிகள் அந்த அடைவில் இல்லாமல் போகலாம்; கடைக் கணினி அவற்றைக் கேட்டால் தனியே இறக்கித் தர நேரும். நகலெடுத்து, அங்கே நிறுவிச் சரிபார்த்த பிறகு, ‘ஆப்ட்-கெட் கிளீன்’ கொடுத்து உங்கள் கணினியில் இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.